ஸ்குவாட்ரன், குரூப், விங்: மூன்றும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த ஆகஸ்ட் 6 அன்று தங்கள் நாளிதழில் வெளியான ஹிரோஷிமா நினைவுக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். குண்டு விழுந்த பிறகு அந்நகர மக்கள் பட்ட பாட்டை விவரித்த பகுதி நெஞ்சைப் பிசைந்தது. ஆனால் குண்டு வீசியவர்களைப் பற்றிய பகுதியில், ஒரே அமைப்பு முதல் பத்தியில் '509ஆவது ஸ்குவாட்ரன்' என்றும், நடுவில் '509ஆவது படைப்பிரிவு' என்றும், பெட்டிச் செய்தியில் '509ஆவது விங்' என்றும் மாறி மாறி வந்திருக்கிறது. மூன்றும் ஒரே பொருள் தரும் சொற்கள் என்று கருதியே அப்படி எழுதியிருக்க வேண்டும். 1945 ஆகஸ்டில் அந்த அமைப்பின் பெயர் 509ஆவது காம்போசிட் குரூப். ஸ்குவாட்ரன் என்பது அதற்குக் கீழே உள்ள படி. விங் என்பது அதற்கு மேலே உள்ள படி. போரில் யார் யாருக்குக் கட்டளையிட்டார்கள், எந்த மட்டத்தில் என்ன முடிவு எடுக்கப்பட்டது என்பதெல்லாம் இந்தப் படிகளில்தான் அடங்கியிருக்கிறது. ஆகவே இதைச் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

நான் இந்திய விமானப்படையில் தரைப்பணியாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அமெரிக்கக் குண்டுவீச்சு அமைப்புகளைப் பற்றி முதன்முதலில் படித்தபோது நானும் இதே தவற்றைச் செய்தேன், அதற்குக் காரணமும் உண்டு. நம் விமானப்படை பிரிட்டிஷ் மரபில் வந்தது. நம்மிடம் விங் கமாண்டர் என்ற பதவிக்கு மேலே இருப்பது குரூப் கேப்டன். ஸ்குவாட்ரனின் பொறுப்பில் பெரும்பாலும் ஒரு விங் கமாண்டர் இருப்பார். பிரிட்டனின் குண்டுவீச்சு விமானங்களை நடத்திய பாம்பர் கமாண்டை எடுத்துக்கொண்டால், அதன் கீழ் சில குரூப்புகள் இருந்தன. ஒவ்வொரு குரூப்பின் கீழும் பல விமானத் தளங்களில் பரவிக் கிடந்த பல ஸ்குவாட்ரன்கள் இருந்தன. ஆகவே குரூப் என்றாலே விங்கைவிடப் பெரியது என்ற எண்ணம் எங்களுக்கு ஊறிப்போனது. அமெரிக்கர்களிடம் இது தலைகீழ். அங்கே பல ஸ்குவாட்ரன்கள் சேர்ந்தது ஒரு குரூப். பல குரூப்புகள் சேர்ந்தது ஒரு விங். அதற்கு மேல் டிவிஷன், கமாண்ட், கடைசியில் 'எட்டாவது', 'இருபதாவது' என்று எண் கொண்ட ஏர் ஃபோர்ஸ் (இது முழு விமானப்படை அன்று, அதன் ஒரு பெரும் பகுதி). ஒரே சொல் இரண்டு நேச நாடுகளில் இரண்டு பொருளில் வழங்கியது என்பதை மனத்தில் வைக்காமல் இரண்டாம் உலகப் போர் வரலாற்றைத் தமிழில் எழுதினால், ஒரு பக்கத்தில் உள்ள கணக்கு அடுத்த பக்கத்தில் உதைக்கும்.

அமெரிக்கக் குரூப் என்பது நடைமுறையில் என்ன என்பதைப் பார்த்தால் வேறுபாடு எளிதில் விளங்கும். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், வயல்களுக்கு நடுவே அவசர அவசரமாகக் கட்டப்பட்ட விமானத் தளங்களில், தளத்துக்கு ஒரு குரூப் என்ற கணக்கில் எட்டாவது ஏர் ஃபோர்ஸின் கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் நிறுத்தப்பட்டன. ஒரு குரூப்பில் நான்கு ஸ்குவாட்ரன்கள். அவற்றில் ஒரு வகையான பி-17 விமானத்தில் பத்துப் பேர்: விமானி, துணை விமானி, வழிகாட்டி, குண்டு இலக்காளர் ஆகிய நான்கு அதிகாரிகள், மற்ற ஆறு பேர் பொறியாளர், வானொலிப் பணியாளர், துப்பாக்கி வீரர்கள். இவர்களோடு விமானத்தைப் பழுது பார்ப்பவர், குண்டு ஏற்றுபவர், வானிலை சொல்பவர், சமையல்காரர், மருத்துவர் என்று தளத்துக்கு இரண்டாயிரம் முதல் மூவாயிரம் பேர் வரை இருந்தார்கள். அந்த வீரர்களுக்குக் குரூப்தான் ஊர். போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்தும் அவர்கள் கூடிய சங்கங்கள் பெரும்பாலும் குரூப்பின் பெயரிலேயே அமைந்தன.

என்னிடம் உள்ள ஒரு பழைய நிழற்படத்தின் அச்சுப் பிரதியைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். அதில் ஒரு பி-17 பக்கவாட்டில் தெரிகிறது. வால் துடுப்பில் ஒரு சதுரம். சதுரத்துக்குள் 'டி' (D) என்ற ஆங்கில எழுத்து. உடல் பகுதியில் 'எல்', 'டி' (LD) என்ற இரண்டு எழுத்துகள். அறியாதவர்களுக்கு இது வெறும் அலங்காரம். சதுரம் என்றால் மூன்றாவது டிவிஷன். முக்கோணம் இருந்தால் முதலாவது, வட்டம் இருந்தால் இரண்டாவது. சதுரத்துக்குள் இருக்கும் 'டி' 100ஆவது குரூப்பைக் குறிக்கிறது. அதன் தளம் இங்கிலாந்தின் தார்ப் அபட்ஸ். உடலில் உள்ள இரண்டு எழுத்துகள் அந்தக் குரூப்பின் 418ஆவது ஸ்குவாட்ரனைக் குறிக்கின்றன. மேகத்துக்கு மேலே, நூற்றுக்கணக்கான விமானங்கள் ஒன்றுகூடும்போது தன் கூட்டத்தைத் தேடிப் போய்ச் சேர விமானிக்கு உதவியவை இந்தக் குறிகளே. அமைப்பின் படிநிலை முழுவதும் அந்த ஒரு விமானத்தின் மேல் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் படத்துக்குக் கீழே 'அமெரிக்கப் படைப்பிரிவு விமானம்' என்று மட்டும் தமிழில் எழுதினால், படத்தில் உள்ள செய்தியில் பாதியை நாமே அழித்துவிடுகிறோம்.

குரூப் எப்படிப் போரின் அடிப்படை அலகாக ஆனது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1942 ஆகஸ்ட் 17 அன்று, இங்கிலாந்திலிருந்து அமெரிக்கக் கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் நடத்திய முதல் தாக்குதலில் 97ஆவது குரூப்பின் 12 பி-17 விமானங்கள் மட்டுமே பிரான்சின் ரூவான் நகர ரயில் முற்றத்தைத் தாக்கின. அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு 305ஆவது குரூப்பின் தலைவராக வந்த கர்னல் கர்ட்டிஸ் லீமே, விமானங்கள் சிறு சிறு கூட்டங்களாகப் பறந்து தனித்தனியே குறிபார்ப்பதை நிறுத்தினார். ஏறத்தாழ 18 விமானங்களை மேல், நடு, கீழ் என்று படிகளாக அடுக்கி, ஒன்றின் துப்பாக்கிகள் மற்றொன்றின் குருட்டு மூலையைக் காக்கும்படி ஒரு பெட்டி போன்ற அணிவகுப்பை அமைத்தார். முன்னணி விமானத்தின் இலக்காளர் குண்டை விடும்போது மற்றவர்களும் விட வேண்டும் என்ற முறையும் வேரூன்றியது. இப்படிப்பட்ட மூன்று பெட்டிகள் சேர்ந்து 54 விமானங்கள் கொண்ட காம்பாட் விங் ஆயின. அதாவது குரூப், விங் என்பன காகிதத்தில் இருக்கும் நிர்வாகப் பெயர்கள் மட்டுமல்ல. அவை வானத்தில் கண்ணால் காணக்கூடிய வடிவங்களாக இருந்தன.

இதை உணர்ந்தால்தான் அந்தக் காலத்து இழப்புகளும் புரியும். 1943 ஆகஸ்ட் 17 அன்று ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட், ரேகன்ஸ்பர்க் நகரங்களுக்குப் போன 376 விமானங்களில் 60 திரும்பவில்லை. அக்டோபர் 14 அன்று மறுபடியும் ஷ்வைன்ஃபர்ட், மறுபடியும் 60. இந்த இரண்டு எண்களையும் தமிழ்க் கட்டுரைகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் இரண்டாவது தாக்குதலுக்கு நான்கு நாட்கள் முன்பு, அக்டோபர் 10 அன்று, மியூன்ஸ்டர் நகரத்தின் மேல் நடந்ததைத் தமிழில் யாரும் எழுதி நான் கண்டதில்லை. அன்று வீழ்ந்தவை மொத்தம் 30. இதை மட்டும் சொன்னால் மற்ற நாட்களைவிடக் குறைவு என்று தோன்றும். அந்த முப்பதில் 25 விமானங்கள் 13ஆவது காம்பாட் விங் என்ற ஒரே விங்கைச் சேர்ந்தவை. அந்த விங்கில் இருந்தவை 95, 100, 390 என்ற மூன்று குரூப்புகள். 100ஆவது குரூப் மட்டும் 12 விமானங்களை இழந்தது. இலக்குவரை போன 13இல் ஒன்றே ஒன்று தளத்துக்குத் திரும்பியது. காலையில் 130 பேர் உட்கார்ந்து உண்ட உணவுக்கூடத்தில் மாலையில் பத்துப் பேருக்கு இலை போட்டால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஜெர்மானியப் போர் விமானங்கள் மொத்தக் கூட்டத்தையும் சமமாகத் தாக்கவில்லை. ஒரு விங்கைத் தேர்ந்து, அதற்குள் ஒரு குரூப்பைப் பிய்த்தெறிந்தன. 'அமெரிக்கப் படைக்கு 30 விமானங்கள் இழப்பு' என்ற வரியில் இது தெரியாது.

மேலே சொன்ன லீமேயின் வாழ்க்கையையே ஏணியாக வைத்து இந்த அமைப்பை வாசகர்களுக்கு விளக்கலாம் என்பது என் கருத்து. 1942இல் அவர் ஒரு குரூப்பின் தலைவர். 1943இல் மூன்றாவது டிவிஷனின் தலைவர். 1944 ஆகஸ்டில் ஒரு பாம்பர் கமாண்டின் தலைவர். 1948 முதல் 1957 வரை, அணுகுண்டு விமானங்கள் அனைத்தையும் கையில் வைத்திருந்த ஸ்ட்ராட்டஜிக் ஏர் கமாண்டின் தலைவர். 1944இல் அவர் பொறுப்பேற்ற அந்தப் பாம்பர் கமாண்டின் தலைமையகம் எங்கே இருந்தது என்பது தமிழ் வாசகர்கள் பலருக்கும் தெரியாது. அது வங்காளத்தின் கரக்பூரில் இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று எழுத விரும்புகிறேன். அந்தக் கமாண்டின் கீழ், பி-29 என்ற புதிய பெருவிமானங்களைக் கொண்ட 58ஆவது விங், 1944இன் தொடக்க மாதங்களில் இந்தியாவுக்கு வந்தது. அதன் நான்கு குரூப்புகளான 40, 444, 462, 468 ஆகியவை சாகுலியா, துத்குண்டி, பியார்டோபா, கரக்பூர் தளங்களில் நிலைகொண்டன. கமாண்டின் தலைமையகம் கரக்பூரை ஒட்டிய ஹிஜ்லியில் இருந்தது. 1931இல் விடுதலைப் போராட்டக் கைதிகள் இருவரைப் பிரிட்டிஷ் காவலர்கள் சுட்டுக்கொன்ற ஹிஜ்லி தடுப்பு முகாம்தான் அந்தக் கட்டடம். 1951இல் நாட்டின் முதல் ஐ.ஐ.டி. தொடங்கப்பட்டதும் அதே கட்டடத்தில்தான். மேலே சொன்ன தளங்களிலிருந்து 1944 ஜூன் 5 அன்று பாங்காக் ரயில் பணிமனைகளைத் தாக்க 98 பி-29 விமானங்கள் புறப்பட்டன. பி-29 விமானங்கள் ஈடுபட்ட முதல் போர்த் தாக்குதல் அது. ஜூன் 15 அன்று, சீனத்தின் செங்டு பக்கத்துத் தளங்களில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு, ஜப்பானின் யாவாட்டா இரும்பாலையைத் தாக்கின. அந்த எரிபொருளைச் சேர்க்க இதே விமானங்களும் இமயமலையைத் தாண்டிப் பலமுறை பறந்து சுமந்தன.

தமிழர் வாழும் மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. 1944 ஆகஸ்ட் 10 அன்று மாலை, திருகோணமலையின் சீனன்குடா விமானத் தளத்திலிருந்து இதே கமாண்டின் 54 பி-29 விமானங்கள் சுமத்ராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நோக்கிப் பறந்தன. போகவர ஏறத்தாழ 4,000 மைல். அந்தப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் மேற்கொண்ட மிக நீண்ட பயணங்களில் ஒன்று. 31 விமானங்கள் ஆலையைக் குறிவைத்தன; 8 விமானங்கள் மூசி ஆற்றில் கண்ணிவெடிகளை இட்டன. அமெரிக்க பாம்பர் கமாண்ட் பற்றிய எந்தத் தமிழ்க் கட்டுரையிலும் சீனன்குடாவுக்கு ஒரு வரியாவது இடம் வேண்டும்.

நான் கலைகுண்டா தளத்தில் பணியாற்றிய காலத்தில், பணி நிமித்தமாகத் துத்குண்டிக்குப் பலமுறை போக நேர்ந்தது. காட்டு மரங்களுக்கு நடுவே அந்தப் பழைய ஓடுதளத்தின் காங்கிரீட் பலகைகள் நீளமாகக் கிடந்தன; இணைப்புகளில் புல் முளைத்திருந்தது, மாடுகள் மேய்ந்தன. உடன் வந்த உள்ளூர் முதியவர் ஒருவர், தம் தந்தை கூலிக்குக் கல் உடைத்துப் போட்ட இடம் என்று காலால் தட்டிக் காட்டினார். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வெயிலில் கல் உடைத்துச் சுமந்து அந்தத் தளங்களை அமைத்தார்கள். அப்போது எனக்கு 444ஆவது குரூப் என்ற பெயரே தெரியாது. இங்கே அமெரிக்கர்கள் இருந்தார்கள் என்பதோடு எங்கள் அறிவு முடிந்துவிட்டது. அந்தக் குரூப்பின் குறி பின்னர் எங்கே போய் முடிந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தறிந்தபோது, அந்தக் காங்கிரீட்டின் மேல் நடந்த கால்கள் கூசின. அதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் எண்களைப் பற்றி ஒன்று. அமெரிக்கர்கள் ஏர் ஃபோர்ஸின் எண்ணை எழுத்தால் எழுதுவார்கள். கமாண்டின் எண்ணை ரோமன் எண்ணாலும், விங், குரூப், ஸ்குவாட்ரன் ஆகியவற்றின் எண்ணைச் சாதாரண இலக்கத்தாலும் குறிப்பார்கள். எண் எழுதப்பட்ட முறையைப் பார்த்தே எந்த மட்டம் என்று சொல்லிவிடலாம். தமிழில் எல்லாமே '20ஆவது' என்று வந்துவிடுவதால், இருபதாவது ஏர் ஃபோர்ஸும் இருபதாவது பாம்பர் கமாண்டும் ஒன்றென்று வாசகர் நினைப்பது இயல்பு. கரக்பூரில் இருந்தது கமாண்ட். அதற்கு மேலே இருந்த இருபதாவது ஏர் ஃபோர்ஸின் தலைவர் ஜெனரல் ஆர்னால்டு வாஷிங்டனில் இருந்தார். முப்படைத் தளபதிகளின் கூட்டுக் குழுவுக்கு நேரடியாகக் கட்டுப்பட்டு அவர் அதை நடத்தினார். இந்தியாவில் நின்ற பி-29 விமானங்களுக்கு இந்தப் பகுதியின் தளபதிகளான மவுண்ட்பேட்டனோ ஸ்டில்வெல்லோ தம் விருப்பம்போல் கட்டளையிட முடியாது. அந்த விமானங்கள் வட்டாரத் தேவைகளுக்குத் திருப்பி விடப்படாமல் ஜப்பானுக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. இரண்டையும் ஒன்றாக எழுதினால் இந்த முக்கியமான செய்தி காணாமல் போகிறது.

லீமே 1945 ஜனவரியில் பசிபிக் கடலின் மரியானா தீவுகளில் இருந்த இருபத்தோராவது பாம்பர் கமாண்டுக்கு மாற்றப்பட்டார். மார்ச் 9 இரவு தொடங்கி டோக்கியோவை எரித்த தாக்குதலில் 73, 313, 314 என்ற மூன்று விங்குகள் பங்கேற்றன. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் அந்த ஓர் இரவில் மாண்டார்கள். அந்தப் பேரழிவைப் பற்றி எழுத இந்தக் கடிதத்தில் இடம் போதாது. தங்கள் நாளிதழ் மார்ச் மாதத்திலும் ஒரு நினைவுக் கட்டுரை வெளியிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இனி 509ஆவது குரூப்புக்கு வருகிறேன். அது 1944 டிசம்பர் 17 அன்று யூட்டா மாநிலத்தின் வெண்டோவரில் தொடங்கப்பட்டது. தலைவர் கர்னல் பால் டிபெட்ஸ். 1942 ஆகஸ்டில் ரூவானுக்குப் போன முதல் 12 விமானங்களில் முன்னணி விமானத்தை ஓட்டியவரும் இவரே. வழக்கமான குரூப்பில் குண்டுவீச்சு ஸ்குவாட்ரன்கள் பல இருக்கும். இதில் 393 என்ற ஒரே ஒரு குண்டுவீச்சு ஸ்குவாட்ரன்தான் இருந்தது. அதனுடன் சொந்தமாக ஒரு போக்குவரத்து ஸ்குவாட்ரனும், பராமரிப்பு, காவல், வெடிகுண்டுப் பிரிவுகளும் இணைக்கப்பட்டிருந்தன. பல வகைப் பிரிவுகள் கலந்தது என்பதாலேயே 'காம்போசிட்' என்ற பெயர் வந்தது. வெளியாரின் உதவி எதுவும் இல்லாமல், வெளியார் எவருக்கும் எதுவும் தெரியாமல் இயங்க வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்தார்கள். அதன் ஆட்பலம் சுமார் 1,800. இந்த அமைப்பை 'ஸ்குவாட்ரன்' என்று எழுதினால், அந்த ரகசியத்தைக் காக்க எவ்வளவு பெரிய ஏற்பாடு செய்யப்பட்டது என்பது மறைந்துவிடுகிறது. 'விங்' என்று எழுதினாலோ, உண்மையில் அது 313ஆவது விங்கோடு இணைக்கப்பட்டு, மரியானா தீவுகளில் ஒன்றான டினியனில் இருந்த ஒரு சிறிய, தனித்த குரூப் என்பது மறைந்துவிடுகிறது.

1945 ஜூலை 25 தேதியிட்ட கட்டளை ஒன்று உண்டு. அமெரிக்கத் தரைப்படையின் தற்காலிகத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் தாமஸ் ஹேண்டி, பசிபிக் பகுதியின் பெருங்குண்டுவீச்சு விமானங்களுக்குத் தளபதியான ஜெனரல் கார்ல் ஸ்பாட்ஸுக்கு அனுப்பியது. ஏறத்தாழ ஆகஸ்ட் 3க்குப் பிறகு, கண்ணால் பார்த்துக் குறிவைக்க வானிலை இடம் கொடுத்தவுடன், முதல் 'சிறப்புக் குண்டை', அதாவது அணுகுண்டை, வீச வேண்டும் என்றும், ஹிரோஷிமா, கோகுரா, நீகாட்டா, நாகசாகி ஆகிய நகரங்களில் ஒன்றை இலக்காகக் கொள்ள வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அந்தக் கட்டளையின் முதல் வரியிலேயே 'இருபதாவது ஏர் ஃபோர்ஸின் 509 காம்போசிட் குரூப்' என்று அமைப்பின் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. லட்சக்கணக்கான மக்களின் உயிரைப் பற்றிய ஒரு கட்டளையில் எழுதப்பட்ட பெயரை நாம் நம் வசதிக்கு மாற்றி எழுதலாகாது என்பது என் உறுதியான கருத்து.

வாலில் எழுதிய குறிகளைப் பற்றி மேலே சொன்னேன். 509ஆவது குரூப்புக்கு வட்டத்துக்குள் அம்பு என்று ஒரு குறி இருந்தது. அந்தக் குறியைப் பார்த்தால் இந்தச் சிறிய குழு தனியானது என்பதை ஜப்பானியர்கள் கண்டுகொள்ளக்கூடும் என்பதால், அதை அழித்துவிட்டு மற்றக் குரூப்புகளின் குறிகளைத் தம் விமானங்களில் தீட்டினார்கள். ஹிரோஷிமாவின் மேல் குண்டு வீசிய எனோலா கே என்ற விமானத்தின் வாலில் இருந்த வட்டத்துக்குள் 'ஆர்' (R), உண்மையில் 6ஆவது குரூப்பின் குறி. நாகசாகிக்குப் போன பாக்ஸ்கார் என்ற விமானத்தின் வாலில் இருந்தது முக்கோணமும் 'என்' (N) எழுத்தும். அது துத்குண்டியிலிருந்து டினியனுக்கு இடம் மாறிய 444ஆவது குரூப் அங்கே பெற்ற குறி. நான் நடந்த அந்த ஓடுதளத்திலிருந்து பறந்த குரூப்பின் அடையாளத்தை அணிந்துகொண்டுதான் நாகசாகியின் அணுகுண்டு போனது. ஒரு குரூப்பை மற்றொரு குரூப்பாகக் காட்டுவது எதிரியை ஏமாற்ற அவர்கள் கையாண்ட வழி. அந்தப் பெயர்கள் அவ்வளவு பொருள் உடையவையாக இருந்ததால்தான் அந்த ஏமாற்று பலித்தது.

'அப்படியானால் 2025 ஜூன் 22 அன்று ஈரானின் ஃபோர்டோ, நடான்ஸ் அணுசக்தி நிலையங்களைத் தாக்கிய பி-2 விமானங்கள் 509ஆவது விங்கைச் சேர்ந்தவை என்கிறார்களே, அது தவறா?' என்று தங்கள் கட்டுரையாளர் கேட்கலாம். அது சரியே. பெட்டிச் செய்தியில் குழப்பம் புகுந்ததும் இங்கேதான் என்று நினைக்கிறேன். 1947 செப்டம்பரில் அமெரிக்க விமானப்படை தனிப்படையாகப் பிரிந்த காலத்தில் அமைப்பை மாற்றினார்கள். அதுவரை ஒரு தளத்தில் பறப்பவர்களின் தலைவர் ஒருவர், தளத்தின் நிர்வாகத் தலைவர் வேறொருவர், இருவருக்கும் இழுபறி. இனி தளத்துக்கு ஒரு விங், அதன் தலைவரே எல்லாவற்றுக்கும் பொறுப்பு, அவருக்குக் கீழே பறக்கும் குரூப், பராமரிப்புக் குரூப், மருத்துவக் குரூப் முதலியன என்று வகுத்தார்கள். புதிய விங்குக்குப் பழைய குரூப்பின் எண்ணையே சூட்டினார்கள். அப்படித்தான் 1947இல் 509ஆவது விங் பிறந்தது. 1952இல் பறக்கும் குரூப்புகள் கலைக்கப்பட்டபோது அந்த எண்ணுக்கு விங் மட்டுமே எஞ்சியது. 1990களில் குரூப்புகள் மீண்டும் வந்தன. இன்று மிசூரியின் ஒயிட்மன் தளத்தில் 509ஆவது விங் இருக்கிறது. அதற்குள் 509ஆவது ஆபரேஷன்ஸ் குரூப் இருக்கிறது. அதற்குள் 1945இல் இரண்டு அணுகுண்டுகளையும் வீசிய அதே 393ஆவது ஸ்குவாட்ரன் இருக்கிறது. ஆக, 509 என்ற எண்ணில் ஒரு விங்கும் ஒரு குரூப்பும் ஒரே நேரத்தில் நிலவுகின்றன. 1945இன் நேர் வாரிசு அந்தக் குரூப். ஜூன் 22 செய்தியில் வந்தது விங்.

எண்களை இப்படி விடாமல் சுமந்து வருவது அவர்கள் மரபு. லூசியானாவின் பார்க்ஸ்டேல் தளத்தில் உள்ள 2ஆவது பாம்ப் விங்கில் 11, 20, 96 என்ற ஸ்குவாட்ரன்கள் பி-52 விமானங்களை இயக்குகின்றன. 1918இல், முதல் உலகப் போரின் கடைசி மாதங்களில் பிரான்சில் அமைக்கப்பட்ட முதலாவது பகல் குண்டுவீச்சுக் குரூப்பில் இருந்தவையும் இதே எண்கள் கொண்ட ஸ்குவாட்ரன்களே. 1918 ஜூன் 12 அன்று பிரெஞ்சு நாட்டுப் பிரெகே விமானங்களில் பறந்து ஒரு ரயில் முற்றத்தைத் தாக்கி, அமெரிக்கர்களின் முதல் குண்டுவீச்சை நடத்தியது 96ஆவது ஸ்குவாட்ரன். ஒரு நூற்றாண்டைத் தாண்டிய எண் அது.

தங்கள் ஆசிரியர் குழுவிடம் நான் வேண்டுவது பெரிதன்று. தகுந்த தமிழ்ச் சொற்கள் நிலைபெறும்வரை ஸ்குவாட்ரன், குரூப், விங், டிவிஷன், கமாண்ட் என்ற சொற்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதலாம். நம் வாசகர்கள் விங் கமாண்டரையும் குரூப் கேப்டனையும் நெடுங்காலமாகப் படித்து வருகிறவர்கள். எல்லாவற்றுக்கும் 'படைப்பிரிவு' என்று எழுதுவதைக் கைவிட வேண்டும். ஏர் ஃபோர்ஸ், கமாண்ட் ஆகியவற்றின் எண்ணை 'எட்டாவது', 'இருபதாவது' என்று எழுத்தாலும், அதற்குக் கீழ் உள்ளவற்றின் எண்ணை இலக்கத்தாலும் எழுதினால் பாதிக் குழப்பம் தீரும். 'எட்டாவது விமானப்படை' என்று மொழிபெயர்ப்பதும் வேண்டாம். அமெரிக்காவுக்கு எட்டு விமானப்படைகள் இருந்தன போலும் என்று பள்ளி மாணவர் ஒருவர் என்னிடமே கேட்டிருக்கிறார். அமெரிக்க அமைப்பையும் பிரிட்டிஷ் அமைப்பையும் ஒரே கட்டுரையில் குறிப்பிடும்போது, குரூப் என்ற சொல் இரண்டிலும் வேறு பொருள் தருகிறது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஆகஸ்ட் 6 கட்டுரைக்கு ஒரு திருத்தக் குறிப்பு வெளியிடுவதாக இருந்தால், '1945இல் 509ஆவது காம்போசிட் குரூப். அதன் 393ஆவது ஸ்குவாட்ரனின் விமானங்கள்' என்று எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள வாசகர்,
ஓய்வுபெற்ற விமானப்படைப் பணியாளர்,
தாம்பரம்.